சாயம் போகாத முகங்கள்

பருத்தித் துணியில் ஒரு புகைப்படத்தை அச்சிட இன்று பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மேசை மேல் இருக்கும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரே போதும். துணியைக் காகிதம்போல விறைப்பாக்கி உள்ளே விட்டால், தாத்தாவின் முகம் மறுபக்கம் வந்துவிடும். ஆனால் அந்தத் துணியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதில்லை, குவில்ட்டில் தைக்கப்போகிறோம். துண்டு துண்டாக ஒட்டித் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஓர் அடித்துணி என்று மூன்றையும் ஊடுருவித் தைக்கும் போர்வைதான் குவில்ட். போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், குழந்தை அதன்மேல் பாலைக் கொட்டும், சோப்பு போட்டுத் துவைப்பார்கள், வெயிலில் காயப்போடுவார்கள். தாத்தாவின் முகம் இத்தனையையும் தாங்க வேண்டும். அது எப்போது தாங்கும், எப்போது தாங்காது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

குவில்ட்டில் மனிதர்களை நினைவாகச் சேர்த்து வைக்கும் வழக்கம் புகைப்படத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1840-களில் அமெரிக்காவில் ‘ஆல்பம் குவில்ட்’ என்றொரு வகை பரவியது. ஊரை விட்டுப் போகும் ஒருவருக்காக உறவினரும் நண்பர்களும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அதில் மையால் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். அன்று வழக்கில் இருந்தது மாசிக்காய்ச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து செய்த மை. எழுதியது அழியாது, ஆனால் அதன் அமிலமும் இரும்பும் மெல்ல மெல்ல நூலையே அரித்துவிடும். மை பட்ட இடத்தில் துணி இற்று, எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்த பழைய துணிகள் உண்டு. துணியில் ஒன்றைப் பதிக்க நினைப்பவருக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நிறம் நிற்குமா, நிறத்தைச் சுமக்கும் துணி நிற்குமா? இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை.

புகைப்படமும் துணியும் மிகப் பெரிய அளவில் சேர்ந்தது எய்ட்ஸ் நினைவுக் குவில்ட்டில். சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிவைத்த அந்த முயற்சியில், நோயால் இறந்த ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி அளவில் ஒரு துணிப்பலகை தைக்கப்பட்டது. ஒரு கல்லறையின் அளவு அது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் தேசியப் புல்வெளியில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பலகைகள் இருந்தன. பல பலகைகளில் புகைப்படங்கள் துணிக்கு மாற்றிப் பதிக்கப்பட்டிருந்தன. குடும்பங்களும் நண்பர்களும் தங்கள் வீட்டு மேசைகளில் செய்த வேலை அது.

இனி பருத்திக்கு வருவோம். பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட மூலக்கூறு. ஒவ்வொரு அலகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரைப் பருத்தி இவ்வளவு ஆசையாக உறிஞ்சுவது அவற்றால்தான். ஆகவே மையையும் உறிஞ்சும். ஆனால் உறிஞ்சுவது வேறு, பிடித்துக்கொள்வது வேறு. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் இலேசான எதிர் மின்சுமை இருக்கிறது. சாதாரண இங்க்ஜெட் சாய மையின் மூலக்கூறுகளும், தண்ணீரில் கரைய வேண்டும் என்பதற்காகவே, எதிர் மின்சுமையோடு ஆக்கப்பட்டவை. ஒரே மின்சுமை கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். சாயம் இழைக்குள் புகுந்து உலர்ந்து கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் பட்டதும் கரைந்து வெளியே போய்விடும். கெட்டியான துணிச்சாயம் என்று நாம் சொல்வதில் இருக்கும் பிடிமானம் இதில் கிடையாது.

இதனால்தான் பிரிண்டர் வாங்கும்போது யாரும் கவனிக்காத ஒரு விவரம் இங்கே முதல் கேள்வியாகிறது: உள்ளே இருப்பது சாய மையா, நிறமி மையா? சாயம் என்றால் தண்ணீரில் கரைந்த நிறம். நிறமி என்றால் கரையாத நுண்துகள். ஒரு துகளின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எப்சன் நிறுவனத்தின் டியூராபிரைட் மையில் அந்தத் துகள்களைச் சுற்றிப் பிசின் பூச்சும் இருக்கிறது. மை உலர்ந்ததும் பிசின் துகளை இழையோடு ஒட்டிவிடும். தண்ணீரில் கரையாததால் துவைக்கும்போது அது எளிதில் போகாது. வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் நிறமி மை, மற்ற மூன்று வண்ணங்களும் சாய மை. அப்படிப்பட்ட பிரிண்டரில் அச்சிட்ட துணியைத் துவைத்தால், முகத்தின் நிறமெல்லாம் வடிந்துபோய், படத்துக்குக் கீழே அடித்த பெயர் மட்டும் பளிச்சென்று நிற்கும். குடும்பப் படத்துக்கு நான்கு வண்ணமும் நிறமி மையாக உள்ள பிரிண்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சாய மை பிரிண்டர்தான் கையில் இருக்கிறது என்றால், துணியை முன்கூட்டியே பக்குவப்படுத்த வேண்டும். இதற்கென்று கிடைக்கும் கரைசல்களில் வேலை செய்பவை பொதுவாக நேர் மின்சுமை கொண்ட சேர்மங்கள். எதிர் மின்சுமை உள்ள பருத்தியில் அவை ஒரு கையால் ஒட்டிக்கொள்கின்றன. மறுகையால் எதிர் மின்சுமை உள்ள சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இழைக்கும் சாயத்துக்கும் நடுவே ஒரு தரகர்போல.

பருத்திக்கும் நிறத்துக்கும் நடுவே இப்படி மூன்றாவது பொருள் ஒன்றை வைத்துப் பிணைக்கும் யோசனை சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. துணியைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்து, பிறகு சாயவேர்க் கரைசலில் காய்ச்சினால், படிகாரத்தின் அலுமினியம் வேரின் சிவப்பை இழையோடு கட்டிப்போடும். இந்த நிறமூன்றி முறையில் ஓவியம் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவை மயக்கின. துவைக்கத் துவைக்க நிறம் போகாத பருத்தியை ஐரோப்பியர் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் நாட்டு நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686-இலிருந்து 1759 வரை இந்தத் துணிகளுக்குத் தடை போட்டிருந்தது. அந்தத் தடைக் காலத்திலேயே, 1734-இல் பொலியோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் அருகில் இருந்து, ஒவ்வொரு கட்டத்தையும் குறிப்பெடுத்து, கூடவே துணி மாதிரியையும் வெட்டிச் சேர்த்தார். 1742-இல் குர்து என்ற இயேசு சபைப் பாதிரியாரும் இதே முறையை விரிவாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். இங்கிருந்து போன பூத்துணிகளின் பூக்களையும் பறவைகளையும் வெட்டியெடுத்து, வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைத்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குவில்ட் செய்தார்கள். குவில்ட்டுக்குள் படம் வந்த வழிகளில் ஒன்று நம் கரையோரச் சாயக்காரர்களின் கைவழியாகப் போயிருக்கிறது. அவர்களின் பெயர்கள் அந்தக் குறிப்புகளில் இல்லாமல்போனது எனக்குத் தீராத வருத்தம்.

பருத்தியோடு சாயத்தை நேரடியாகப் பிணைக்கும் வழி 1954-இல்தான் கிடைத்தது. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீஃபன் என்ற இரு வேதியியலாளர்கள், காரத்தின் துணையோடு செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியுடன் சகப்பிணைப்பு ஏற்படுத்தும் சாயத்தை உருவாக்கினார்கள். 1956-இல் அது புரோசியன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சாயம் இழையின் மேல் உட்காராமல் இழை மூலக்கூற்றின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது. பருத்தியில் டிஜிட்டல் அச்சு போடும் பெரிய ஆலைகள் பலவும் இந்த வினைபுரி சாயங்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அச்சிட்டபின் நீராவியில் வேகவைத்து, மிச்ச சாயம் போகும்வரை அலச வேண்டும். வீட்டு மேசையில் நடக்கிற காரியமில்லை.

பிரிண்டர் தலையிலிருந்து மை எப்படி வெளியே வருகிறது? 1977-இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில், எண்டோ இச்சிரோ என்ற ஆய்வாளரின் பணிமேசையில் மை நிரப்பிய ஊசியின் மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. வெப்பத்தில் உண்டான குமிழிதான் மையை வெளியே தள்ளியது என்று கண்டுகொண்டார்கள். ‘பபிள் ஜெட்’ பிறந்தது. எப்சன் வேறு வழியில் போனது: மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் படிகத்தைக் கொண்டு மையைப் பிதுக்குவது. எந்த வழியானாலும் வெளிவரும் துளி சில பிக்கோ லிட்டர்தான். ஒரு பிக்கோ லிட்டர் என்பது லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. நான்கு பிக்கோ லிட்டர் துளியின் விட்டம் கிட்டத்தட்ட 20 மைக்ரோமீட்டர்; ஒரே ஒரு பருத்தி இழையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது பிரிண்டர் ஒவ்வோர் இழைக்கும் ஒவ்வொரு துளியாகக் குறிபார்த்து வைக்கும் அளவுக்கு நுட்பமானது.

அந்த நுட்பத்தை அப்படியே வைத்திருக்கத் துணி விடாது. இழைகளுக்கு இடையில் உள்ள இடுக்குகள் நுண்புழைகளாக வேலை செய்து, துளியை நூலின் நீளவாக்கில் இழுத்துப் பரப்பிவிடும். குவில்ட்டுக்கு விற்கும் பருத்தித் துணியில் அங்குலத்துக்குப் பாவிலும் ஊடையிலும் தலா 60 முதல் 75 நூல்கள் இருக்கும். அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் என்று பிரிண்டர் பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் இந்த நெசவுக்கு முன்னால் பொருளிழந்து போகிறது. படக் கோப்பில் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் இருந்தால் போதும். அதற்குப் பதிலாக நெருக்கமான நெசவுள்ள, மென்மையான துணியைத் தேடுங்கள். பாவும் ஊடையும் சேர்த்து அங்குலத்துக்கு 200 நூல் உள்ள துணியில் கண்ணிமைகூடத் தெரியும்.

மை பரவுவதால் இருண்ட பகுதிகளில் நுணுக்கம் மூழ்கிவிடும். கறுத்த முகங்களும் கறுத்த கூந்தலும் உள்ள நம் குடும்பப் படங்களில் இது பெரிய இழப்பு. கணினியில் நிழற்பகுதிகளை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கி, மாறுபாட்டையும் நிறச்செறிவையும் கூட்டி அச்சிட்டால் சரியாக வரும். திரையில் மிகையாகத் தெரிவது துணியில் அளவாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். படத்தில் உள்ள வெள்ளை, துணியின் வெள்ளைதான். பழுப்புத் துணியில் அச்சிட்டால் மல்லிகைப் பூவும் பழுப்பாகத்தான் இருக்கும்.

வேலை முறை எளிது. புதுத் துணியில் கஞ்சியும் மெருகுப் பொருள்களும் இருக்கும். அவை மைக்கும் இழைக்கும் நடுவே திரைபோல நிற்பதால், வெந்நீரில் அலசிக் கஞ்சி எடுத்துவிட வேண்டும். துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது. பிரிண்டருக்குள் போவதற்குத் துணிக்கு முதுகெலும்பு வேண்டும். அமெரிக்காவில் இறைச்சியைச் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கும் ஃப்ரீசர் பேப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பளபளப்பான பக்கம் துணியில் படும்படி வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் பிளாஸ்டிக் இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். அச்சிட்ட பின் உரித்தெடுக்கலாம். அந்தக் காகிதம் கிடைக்காத ஊரில், முழுத்தாளாக வரும் ஏ4 ஸ்டிக்கர் தாளின் பசைப்பக்கத்தில் துணியை ஒட்டினாலும் வேலை நடக்கும். விளிம்பில் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது; அது பிரிண்டர் தலையில் சிக்கிக்கொள்ளும். லேசர் பிரிண்டரில் பிளாஸ்டிக் பூசிய காகிதத்தை ஒருபோதும் விடாதீர்கள். டோனர் தூளை உருக்கும் அதன் உருளை, பிளாஸ்டிக்கையும் உருக்கி இயந்திரத்தையே பாழாக்கிவிடும்.

அச்சிட்டதும் அவசரப்பட்டு நனைக்க வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு, நீராவியில்லாமல் சூடாக இஸ்திரி போட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையக் குளிர்ந்த நீர் நிரப்பி, இலேசான சோப்புக் கரைசலில் தட்டையாகப் பிடித்து அசைத்தபடியே அலச வேண்டும். கசக்கினாலும், மடித்து ஊறவிட்டாலும், கழன்ற மை வெள்ளைப் பகுதிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சாயப்பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். முதல் அலசலில் கொஞ்சம் நிறம் போவது இயல்பு. மிச்சம் நிற்பதுதான் உண்மையான படம். ஆகவே தைப்பதற்கு முன்னாலேயே அலசிவிட வேண்டும், தைத்த பின் அல்ல.

வேறு இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்திரி போட்டு ஒட்டும் மாற்றுத்தாள், துணிமேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தைத்தான் ஒட்டுகிறது. டி-ஷர்ட்டுக்குச் சரி, குவில்ட்டில் விறைப்பாக நிற்கும், ஊசி குத்திய துளை மூடாது. பதங்கமாதல் அச்சில் சாயம் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் நேராக ஆவியாகி பாலியெஸ்டருக்குள் புகுந்துகொள்ளும், அற்புதமாக நிலைக்கும். ஆனால் அந்தச் சாயத்தைப் பருத்தி பிடித்துக்கொள்ளாது.

என் மனதுக்கு மிகவும் பிடித்த முறைக்குப் பிரிண்டர் மையே வேண்டாம். சூரியன் போதும். 1842-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் அது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் பிரிட்டனின் கடற்பாசிகளை இந்த முறையில் பதித்து ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களால் படம் சேர்த்த முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிற்பாடு பொறியாளர்களின் நீல வரைபடம் இதே வேதியியலில்தான் ஓடியது.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். 100 மில்லி லிட்டருக்கு முதலாவது 25 கிராம், இரண்டாவது 10 கிராம் என்பது பரவலாக வழக்கில் உள்ள அளவு. மங்கலான வெளிச்சத்தில் இரண்டையும் சமமாகக் கலந்து, கஞ்சி எடுத்த பருத்தியில் தடவி இருட்டில் உலர்த்த வேண்டும். துணி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். புகைப்படத்தின் எதிர்ப்படத்தை, அதாவது கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிய படத்தை, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, துணிமேல் வைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் பத்து முதல் இருபது நிமிடம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சிட்ரேட்டைச் சிதைக்கிறது. அதிலிருந்து வந்த எலக்ட்ரான் ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் இரும்பாக மாற்றுகிறது. அந்த ஃபெரஸ் இரும்பு, பக்கத்தில் இருக்கும் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. 1706-ஐ ஒட்டி பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் வேறொரு நிறத்தைச் செய்ய முயன்றபோது எதிர்பாராமல் பிறந்த நீலம் இது. தண்ணீரில் கரையாது. ஒளி படாத இடத்தில் உப்புகள் உப்புகளாகவே இருப்பதால் தண்ணீரில் அலசினால் போய்விடும். மஞ்சள் முழுவதும் நீங்கும்வரை அலசினால், வெள்ளைத் துணியில் நீல முகம் நிற்கும். காற்று பட்டு ஒரு நாளில் இன்னும் கருநீலமாகும்.

இங்க்ஜெட்டோடு ஒப்பிட்டால் இதில் ஓர் அழகான வேறுபாடு இருக்கிறது. இங்க்ஜெட் நிறமி, இழையின் மேல் வந்து ஒட்டிய துகள். மடிப்பிலும் உராய்விலும் தேயும். சயனோடைப்பில் கரைசலாக இழைக்குள் புகுந்தது உள்ளேயே கரையாத துகளாக மாறிவிடுகிறது. நிறமி பிறக்கும் இடமே இழையின் உள்ளறை. துணியின் மென்மையும் கெடுவதில்லை.

இந்த நீலத்துக்கு ஒரு பகைவன் உண்டு: காரம். சலவைத் தூள்களில் பெரும்பாலானவை வாஷிங் சோடா கலந்தவை. காரம் பட்டால் பிரஷ்யன் நீலம் சிதைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, மஞ்சள் பழுப்பாக மாறிவிடும். ப்ளீச்சும் ஆகாது. காரமில்லாத மிதமான திரவச் சோப்பும் குளிர்ந்த நீரும் மட்டுமே. சிலர் வேண்டுமென்றே சோடாவில் வெளுத்து, தேயிலைக் கரைசலில் நனைத்து, நீலத்தைக் கரும்பழுப்பாக்குவார்கள். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்வது மாசிக்காய் மையின் உறவுமுறை வேதியியல். தாளில் செய்யட்டும், தலைமுறை தாண்ட வேண்டிய குவில்ட்டில் அதை நான் செய்யச் சொல்லமாட்டேன்.

ஃபெர்ரிசயனைடு என்ற பெயரில் சயனைடு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இரும்பு அதை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் கடும் அமிலத்தோடு சேர்த்தாலோ சூடாக்கினாலோ நச்சு வாயு வெளிவரலாம். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

எல்லாப் படங்களுக்கும் பொதுவான பகைவன் ஒளி. புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைத்து நிறத்தைக் கொல்லும். பெரிய துகளாக இருப்பதால் நிறமி அதிக நாள் தாங்கும். சாயத்தின் ஒளித்தாங்கலை அளக்க ஆய்வகங்களில் ‘புளூ வுல்’ என்ற எட்டுப் படி அளவுகோல் உண்டு. நீலக் கம்பளித் துண்டுகள் எட்டு, ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஒளியைத் தாங்கும். பிரஷ்யன் நீலத்தின் நடத்தை இதில் தனி. வெயிலில் வெளுக்கும்போது அதன் இரும்பில் ஒரு பகுதி எலக்ட்ரான் பெற்று நிறமற்ற வடிவத்துக்குப் போகிறது. இருட்டான இடத்தில் காற்றோட்டமாக வைத்தால் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைத் திரும்ப எடுத்துக்கொள்ள, போன நீலம் பெருமளவு மீண்டு வரும். தன்னைத் தானே இப்படி ஆற்றிக்கொள்ளும் நிறம் வேறெதையும் நான் வீட்டுவேலையில் கண்டதில்லை.

தொடங்க நினைப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் பழைய படத்தைத் துணி வேலைக்கு எடுக்காதீர்கள். ஸ்கேன் செய்துவிட்டு அசலை உறையிலிட்டு இருட்டில் வையுங்கள். உங்கள் மையையும் துணியையும் முதலில் ஒரு சிறு துண்டில் சோதியுங்கள்: பாதியை அட்டையால் மூடி ஒரு மாதம் சன்னலில் ஒட்டிவைத்து, பிறகு அதையே துவைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு கண்ணில் பட்டால் மையை மாற்றுங்கள். குவில்ட்டின் பின்பக்கம் ஒரு துணிப்பட்டை தைத்து, நிறமி மைப் பேனாவால் படத்தில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு, எந்த முறையில் அச்சிட்டது, எந்தச் சோப்பில் துவைக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள். அடுத்து அதைத் துவைக்கப்போகிறவர் இந்த அத்தியாயத்தைப் படித்திருக்கமாட்டார்.